காயத்தின் கடுமையும் அளவுகோலின் நம்பகமும்

விபத்தில் காயமுற்று மருத்துவமனைக்கு வருவோரில் எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்று கணக்கிடுவது எளிது. இறந்தவர்களுள் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்க இயலும் என்று கணக்கிடுவது அரிது. ஆனால் நாட்டின் சுகாதாரத் திட்டங்களை வகுப்போருக்கு இந்த இரண்டாவது கணக்கே மிகுதியும் தேவைப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. ரயில் விபத்துகளிலும், கட்டட வேலைகளில் உயரத்திலிருந்து விழுந்தும், தீக்காயத்தாலும் இறப்போர் இந்தக் கணக்கில் சேரவில்லை. விபத்துச் சிகிச்சை மையங்களை எங்கே அமைப்பது, எந்த மருத்துவமனைக்கு ஆட்களும் கருவிகளும் கூடுதலாகத் தேவை, முன்னர்ச் செய்த செலவு பயன் தந்ததா என்பன போன்ற வினாக்களுக்கு, இறப்பு எண்ணிக்கையை மட்டும் கொண்டு விடை காண இயலாது. மிகவும் கடுமையான காயங்களுடன் வருவோரையே பெரும்பாலும் ஏற்கும் மருத்துவமனையில் இறப்பு விகிதம் உயர்ந்திருப்பது இயல்பு. சிறு காயங்களுக்கு மருந்திட்டு அனுப்பும் மருத்துவமனையில் அது தாழ்ந்திருப்பதும் இயல்பு.

ஆகவேதான் காயத்தின் கடுமைக்கு மதிப்பெண் இடும் முறை மருத்துவ உலகில் தோன்றியது. ஒரே அளவு கடுமையான காயமுற்றோரை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டால், சிகிச்சையின் தரம் தெரியவரும் என்பது இம்முறையின் அடிப்படை. ஆனால் அந்த மதிப்பெண் எவ்வளவு நம்பத்தக்கது? ஒரே நோயாளிக்கு இருவர் மதிப்பெண் இட்டால் இரண்டும் ஒத்திருக்குமா? வேறொரு நாட்டில் உருவான அளவுகோல் நம் நாட்டு நோயாளிக்குப் பொருந்துமா? இவ்வினாக்களை ஆராய்வதற்கு மும்பை மாநகரம் தக்க களமாக அமைந்துள்ளது.

மாஹிமும் சயானும்

தாராவியின் மேற்குப் புறத்தில் மாஹிம் ரயில் நிலையம் உள்ளது. அதன் மறுபுறத்தில், தாராவியை ஒட்டி, சயான் மருத்துவமனை என்று மக்கள் அழைக்கும் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை அமைந்துள்ளது. 1947இல் சிறிய அளவில் தொடங்கப்பெற்ற இம்மருத்துவமனை, 1964இல் மருத்துவக் கல்லூரியையும் பெற்று, இன்று நாட்டின் பெரிய நகராட்சி மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்குகிறது. மாஹிம், மாதுங்கா, தாராவி, செம்பூர் பகுதிகளில் வாழும் உழைக்கும் மக்களுக்கு, அவர்களுள் பல தலைமுறைகளாக அங்கே குடியேறி வாழும் தமிழர்களுக்கும், ஆபத்து வேளையில் கதி இம்மருத்துவமனையே.

மும்பையின் விபத்துகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. புறநகர் ரயில் பாதைகளில் தண்டவாளத்தைக் கடக்கும்போது மோதுண்டும், நெரிசல் மிகுந்த பெட்டியின் வாயிலிலிருந்து தவறி விழுந்தும் பலர் இறக்கின்றனர். ரயில்வே காவல்துறையின் கணக்குப்படி 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 பேர், எல்லாக் காரணங்களாலும் சேர்த்து, இப்பாதைகளில் உயிரிழந்தனர். 2006 ஜூலை 11ஆம் நாள் மாலையில் மேற்கு ரயில்வேயின் புறநகர் வண்டிகளில் சில நிமிடங்களுக்குள் 7 குண்டுகள் வெடித்தபோது, அவற்றுள் சில மாஹிம், மாதுங்கா ரோடு பகுதியிலேயே வெடித்தன. காயமுற்ற நூற்றுக்கணக்கானோரைச் சயான் முதலிய மருத்துவமனைகள் ஒரே மாலையில் ஏற்க நேர்ந்தது.

இத்தகைய சூழலில் இயங்கும் மருத்துவமனையின் பணியை மதிப்பிட, அளவுகோல் ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த அளவுகோல் எவ்வாறு உருவாயிற்று என்பதை முதலில் காண்போம்.

மதிப்பெண் கணக்கிடும் முறை

1971இல் அமெரிக்காவில் மருத்துவர்களும் வாகனப் பொறியியலாளர்களும் இணைந்து ‘சுருக்கக் காய அளவுகோல்’ ஒன்றை வெளியிட்டனர். கார் விபத்துகளில் ஏற்படும் காயங்களை ஒரே சீராக வகைப்படுத்துவது அதன் நோக்கம். உடலில் ஏற்படும் ஒவ்வொரு காயத்திற்கும் 1 முதல் 6 வரை ஓர் எண் தரப்படும். 1 என்பது சிறு காயம், 3 கடுமையானது, 5 உயிர் பிழைப்பது ஐயத்திற்குரியது, 6 பிழைக்க வழியற்றது எனக் கருதப்படுவது.

ஆனால் விபத்தில் சிக்கியவருக்குப் பெரும்பாலும் காயம் ஒன்றோடு நிற்பதில்லை. தலை, மார்பு, கால் எனப் பல இடங்களில் அடிபட்டவரின் மொத்த நிலையை ஓர் எண்ணால் குறிப்பது எப்படி? இவ்வினாவுக்கு 1974இல் சூசன் பேக்கரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் விடை கண்டனர். பால்டிமோர் நகரின் 8 மருத்துவமனைகளைச் சேர்ந்த 2,128 வாகன விபத்து நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து, ‘காயக் கடுமை மதிப்பெண்’ என்னும் முறையை அவர்கள் வகுத்தனர்.

அம்முறை எளியது. உடல் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதியிலும் மிகக் கடுமையான ஒரு காயத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றுள் மிக உயர்ந்த மூன்று எண்களைத் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டினால் மதிப்பெண் கிடைக்கும். மிக உயர்ந்த மதிப்பெண் 75. ஏதேனும் ஒரு காயம் 6 என்று குறிக்கப்பட்டால், வேறு கணக்கின்றி மதிப்பெண் 75 எனக் கொள்ளப்படும். 15க்கு மேற்பட்ட மதிப்பெண் பெற்றவரைக் கடுங்காயம் உற்றவர் எனக் கொள்வது பொதுவான வழக்கமாயிற்று.

ஒரு விலா எலும்பின் வேறுபாடு

எளிய முறையாயினும் இதில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. எடுத்துக்காட்டாக, மாஹிம் நிலையத்தருகே ரயிலிலிருந்து விழுந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்குத் தொடை எலும்பு முறிந்துள்ளது; அதற்கு 3. மார்பில் சில விலா எலும்புகளும் முறிந்துள்ளன. இன்று வழக்கிலுள்ள அளவுகோலின்படி இரண்டு விலா எலும்புகள் முறிந்தால் 2. மூன்று முறிந்தால் 3. ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்த ஒருவர் இரண்டு என்று எழுதினால் மதிப்பெண் 9 + 4 = 13. மற்றொருவர் மூன்றாவது முறிவையும் கண்டு எழுதினால் 9 + 9 = 18. முதற்கணக்கில் இவர் சாதாரண நோயாளி. இரண்டாவது கணக்கில் கடுங்காயம் உற்றவர். நோயாளி ஒருவரே, காயமும் ஒன்றே. மங்கலான படமொன்றில் ஒரு விலா எலும்பு தென்பட்டதா இல்லையா என்பதே வேறுபாட்டுக்குக் காரணம்.

தலைக்காயத்தில் இச்சிக்கல் மேலும் வளர்கிறது. மூளையின் உறைக்கடியில் தேங்கும் இரத்தக் கட்டுக்கு, அதன் அளவைப் பொறுத்து 3, 4 அல்லது 5 எனக் குறிக்கலாம். ஸ்கேன் அறிக்கையில் ‘இரத்தக் கட்டு உள்ளது’ என்று மட்டும் எழுதி, அளவை எழுதாமல் விட்டால் மதிப்பெண் இடுபவர் என்ன செய்வார்? மேற்கண்ட நோயாளிக்கே தலையிலும் இக்காயம் இருப்பதாகக் கொள்வோம். தலைக்கு 4, மார்புக்கு 2, தொடைக்கு 3 என்றால் 16 + 4 + 9 = 29. தலைக்கு 5, மார்புக்கு 3 என மாறினால் 25 + 9 + 9 = 43. இரண்டு இடங்களில் ஒவ்வோர் எண் மட்டுமே கூடியது. மொத்தத்தில் 14 கூடிவிட்டது. எண்களை வர்க்கமாக்குவதால், சிறிய கருத்து வேறுபாடும் பெரிய வேறுபாடாக வளர்கிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. பிரிட்டனின் யார்க்‌ஷயர் பகுதியில் நடைபெற்று 1993இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே நோயாளிகளின் குறிப்புகளைப் பல மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே ஆராய்ந்து மதிப்பெண் இட்டனர். இருவர் இட்ட மதிப்பெண்கள் ஒத்துப்போவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கினும் குறைவாகவே இருந்தது. வசதிகள் மிகுந்த நாட்டிலேயே நிலை இதுவாயின், ஒரே இரவில் பல நோயாளிகளைக் கவனிக்கும் நம் மருத்துவமனைகளில் வேறுபாடு தோன்றுவதில் வியப்பில்லை.

மற்றொரு குறையும் உண்டு. தலையில் மட்டும் 5 என்ற காயம் உற்றவருக்கு மதிப்பெண் 25. வயிற்றில் 4, காலில் 3 என்ற காயங்கள் உற்றவருக்கும் 16 + 9 = 25. மதிப்பெண் ஒன்றாயினும் இவ்விருவரும் பிழைப்பதற்கான வாய்ப்பு ஒன்றன்று. மேலும், ஒரு பகுதிக்கு ஒரு காயமே கணக்கில் கொள்ளப்படுவதால், வயிற்றுக்குள் பல உறுப்புகள் சிதைந்தாலும் ஒன்றே எண்ணப்படும். குண்டுவெடிப்பில் ஒரே உடற்பகுதியில் பல சிதறல்கள் தைத்தவரின் நிலையை இம்முறை குறைத்தே காட்டும். இக்குறையை நீக்க, எந்தப் பகுதியில் இருப்பினும் மிகக் கடுமையான மூன்று காயங்களை எடுத்துக்கொள்ளும் ‘புதிய காயக் கடுமை மதிப்பெண்’ 1997இல் முன்மொழியப்பட்டது. அதன் ஆசிரியர்களுள் சூசன் பேக்கரும் ஒருவர்.

நாடி, மூச்சு, மொழி

காயத்தின் கடுமையை அறிய உடற்கூற்றை மட்டும் பார்த்தால் போதாது. உடலின் இயக்கத்தையும் காண வேண்டும். இதற்கென 1989இல் சாம்பியன் என்பவரும் பிறரும் வகுத்த ‘திருத்திய காய மதிப்பெண்’ மூன்றே அளவுகளைக் கொண்டது: இரத்த அழுத்தம், நிமிடத்திற்கு மூச்சின் எண்ணிக்கை, உணர்வுநிலை. உணர்வுநிலையை அளக்க, 1974இல் டீஸ்டேல், ஜென்னட் என்னும் மருத்துவர்கள் வகுத்த கிளாஸ்கோ அளவுகோல் பயன்படுகிறது. கண் திறத்தல், பேசுதல், கைகால் அசைத்தல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண் தந்து கூட்டினால் 3 முதல் 15 வரை மதிப்பு கிடைக்கும்.

இவை கருவிகள் அதிகம் தேவைப்படாத அளவுகள். எனினும் இவற்றிலும் நம்பகத்தைக் குலைக்கும் காரணங்கள் உள்ளன. மூச்சை எண்ண, நோயாளியின் மார்பை ஒரு நிமிடம் உற்றுநோக்கி நிற்க வேண்டும். கூட்டம் மிகுந்த விபத்துப் பிரிவில் அந்த ஒரு நிமிடம் எளிதில் கிடைப்பதில்லை. மூச்சின் எண்ணிக்கையை எழுதாமல் விடுவதும், எண்ணாமலே வழக்கமான ஓர் எண்ணை எழுதிவிடுவதும் உலகின் பல நாடுகளிலும் கண்டறியப்பட்ட குறைகளாகும். மூன்று அளவுகளுள் ஒன்று இல்லாவிடினும் மதிப்பெண்ணைக் கணக்கிட முடியாது.

உணர்வுநிலையை அளப்பதில் மொழியும் குறுக்கிடுகிறது. தம் பெயர், இருக்குமிடம், நாள் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்பவருக்குப் பேச்சில் 5. குழப்பமாகச் சொல்பவருக்கு 4. தொடர்பின்றிச் சொற்களை உதிர்ப்பவருக்கு 3. தாராவியில் வாழும், தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் ஒருவரிடம் மராத்தியிலோ இந்தியிலோ வினவினால் அவர் சொல்லும் விடை எந்த வகையில் சேரும்? “கையைத் தூக்குங்கள்” என்ற கட்டளையை அவர் நிறைவேற்றாதது மூளைக் காயத்தாலா, கட்டளை விளங்காததாலா? குரல் கேட்டுக் கண் திறந்து (3), குழப்பமாகப் பேசி (4), கட்டளைக்குப் பணியும் (6) நோயாளிக்கு மொத்தம் 13. மொழி விளங்காமையால் பேச்சுக்கு 3, அசைவுக்கு 5 என்று குறித்துவிட்டால் மொத்தம் 11. திருத்திய மதிப்பெண்ணில் 13 முதல் 15 வரை உயர்ந்த வகுப்பு. 9 முதல் 12 வரை அதற்கு அடுத்த வகுப்பு. மொழி அறிந்த ஒருவர் அருகில் இருந்தாரா என்பது நோயாளியின் வகுப்பையே மாற்றிவிடக்கூடும். பல மொழியினர் வாழும் நம் நாட்டில் எந்த மாநகர மருத்துவமனையும் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

சயானில் கண்ட வேறுபாடு

உடற்கூற்று மதிப்பெண், உடலியக்க மதிப்பெண், வயது ஆகிய மூன்றையும் இணைத்து, ஒரு நோயாளி பிழைப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிடும் முறை ‘டிரிஸ்’ எனப்படும். 1987இல் வெளியான இம்முறையின் கணக்கீட்டு எண்கள், வட அமெரிக்க மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற பல்லாயிரம் நோயாளிகளின் பதிவுகளிலிருந்து பெறப்பட்டவை. அதாவது, “இத்தகைய காயமுற்றவர் அங்கே சிகிச்சை பெற்றிருந்தால் பிழைத்திருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு?” என்ற வினாவுக்கு டிரிஸ் விடை தருகிறது.

இம்முறையைக் கொண்டு முரளிதர், நோபோஜித் ராய் ஆகிய மருத்துவர்கள் மும்பையில் நடத்திய ஆய்வு 2004இல் வெளியாயிற்று. சயான் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட 1,074 நோயாளிகள் அதில் ஆராயப்பட்டனர். டிரிஸ் கணக்கின்படி ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் இறந்திருக்கக்கூடும். உண்மையில் இறந்தோர் ஏறத்தாழ 21 விழுக்காட்டினர். எதிர்பார்த்ததற்குக் கூடுதலாக நூற்றுக்குப் பத்துப் பேர் உயிரிழந்தனர் என்பது இதன் பொருள்.

இந்தப் பத்துப் பேர் யார்? இவ்வினாவுக்கு மூவகை விடைகள் உள்ளன. முதலாவது, அவர்கள் காப்பாற்றப்பட்டிருக்கக் கூடியவர்கள். முதலுதவி இன்றி, ஆம்புலன்ஸ் இன்றி, வாடகை வண்டியில் நேரங்கடந்து கொண்டுவரப்பட்டதாலோ, தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் இரத்தமும் போதாமையாலோ இறந்தவர்கள். இரண்டாவது, நோயாளிகளின் காயங்கள் உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிடப்பட்டிருக்கலாம். மூன்றாவது, வட அமெரிக்கச் சாலைகளில் கார் விபத்துக்கு உள்ளானோரைக் கொண்டு அமைத்த கணக்கு, தண்டவாளத்தில் அடிபட்ட மும்பைத் தொழிலாளிக்குப் பொருந்தாமல் இருக்கலாம்.

மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். ஆனால் எது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டியது அவசியம். முதற்காரணமே பெரிது எனில் ஆம்புலன்சுக்கும் படுக்கைக்கும் செலவிட வேண்டும். இரண்டாவது பெரிது எனில் பதிவேட்டைச் சீர்ப்படுத்த வேண்டும். காரணத்தைப் பிரித்தறியாது மருத்துவமனையைக் குறை கூறுவதும், அளவுகோலைக் குறை கூறிச் சிகிச்சையின் குறையை மறைப்பதும் சமமான தவறுகளே.

பிழை எந்தப் பக்கம் சாயும்?

அளவையில் நேரும் பிழைகள் சில மேலும் சில கீழுமாக அமைந்து, பெரிய எண்ணிக்கையில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று கருதுவோர் உளர். தற்செயலாக நேரும் பிழைகளுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் விபத்துச் சிகிச்சைப் பதிவேட்டின் பிழைகள் பல ஒரே திசையில் சாய்பவை.

மருத்துவமனைக்கு வந்த சிறிது நேரத்தில் இறந்துவிடுபவரை ஸ்கேன் எடுக்க நேரம் இருப்பதில்லை. அவருடைய உட்காயங்கள் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஆகவே அவருடைய மதிப்பெண் குறைகிறது. கணக்கு அவரைப் பிழைத்திருக்க வேண்டியவர் எனக் காட்டுகிறது. மருத்துவமனையின் பணி உள்ளதைவிட மோசமாகத் தோன்றுகிறது. விபத்தில் இறந்தோருக்கு நம் நாட்டில் பிரேதப் பரிசோதனை நடைபெறுகிறது. அதன் முடிவுகளை மருத்துவப் பதிவேட்டுடன் இணைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

இதற்கு மாறானதும் நிகழ்கிறது. இரத்த அழுத்தமோ மூச்சின் எண்ணிக்கையோ எழுதப்படாத நோயாளிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது ஆய்வாளர்களின் வழக்கம். எழுத நேரமில்லாத அளவுக்கு நிலைமை மோசமாக இருந்தவர்களே நீக்கப்படுவோருள் மிகுதியாக இருப்பார்கள் எனில், இறப்புகள் கணக்கிலிருந்து மறைகின்றன. மருத்துவமனையின் பணி உள்ளதைவிடச் சிறந்ததாகத் தோன்றுகிறது.

வசதியும் மதிப்பெண்ணைப் பாதிக்கிறது. இரவும் பகலும் ஸ்கேன் கருவி இயங்கும் மருத்துவமனையில் சிறிய உட்காயங்களும் கண்டறியப்படும், மதிப்பெண் உயரும், எதிர்பார்க்கும் இறப்பும் உயரும். கருவி இல்லாத மருத்துவமனையில் அதே காயங்கள் கணக்கில் வாரா. இரண்டிலும் ஒரே அளவில் இறப்பு நேர்ந்தாலும் வசதி மிக்கது திறமையானதாகவும் வசதி குறைந்தது திறமை குறைந்ததாகவும் தோன்றும். இதன் அடிப்படையில் நிதி ஒதுக்கினால், உள்ளவர்க்கே மேலும் கொடுப்பதாக முடியும்.

ஒற்றுமையை அளப்பது

இருவர் இட்ட மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துள்ளன என்று அளக்கப் புள்ளியியலில் வழிகள் உண்டு. அவற்றுள் கோஹன் என்பவர் 1960இல் வகுத்த ‘கப்பா’ என்னும் அளவு மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியது. 100 நோயாளிகளை இருவர் தனித்தனியே ஆராய்ந்து, ஒவ்வொருவரும் 90 பேரைச் ‘சாதாரணம்’ என்றும் 10 பேரைக் ‘கடுமை’ என்றும் பிரித்தனர். 92 பேர் விஷயத்தில் இருவரும் ஒத்துப்போயினர் என்று கொள்வோம். நூற்றுக்கு 92 ஒற்றுமை என்பது மிகச் சிறந்ததாகத் தோன்றும். ஆனால் இருவரும் நோயாளியைப் பாராமலே, இதே விகிதத்தில் சீட்டுக் குலுக்கி எழுதியிருந்தாலும் 82 பேர் விஷயத்தில் ஒத்துப்போயிருப்பார்கள். தற்செயலுக்கு மேல் எஞ்சிய 18இல் அவர்கள் எட்டியது 10 மட்டுமே. எனவே கப்பா ஏறத்தாழ 0.56, அதாவது நடுத்தரமான ஒற்றுமை. தேர்வுத் தாள்களை இருவர் திருத்தும்போது ஒற்றுமையைச் சரிபார்ப்பது போலவே, காயப் பதிவேட்டிலும் ஒரு பகுதியை இரண்டாமவர் ஒருவர் மீண்டும் மதிப்பிட்டு இந்த அளவைக் காண்பது பெரிய செலவு பிடிக்கும் செயல் அன்று.

எளிமையும் நம்பகமும்

நுட்பமான அளவுகோலே சிறந்தது என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் நுட்பமான அளவுகோலை நம்பத்தக்க முறையில் பயன்படுத்த இயலாத இடத்தில், எளிய அளவுகோல் மேலும் பயன் தரும். உகாண்டாவின் கம்பாலா நகரில் உருவாகி 2000ஆம் ஆண்டில் வெளியான கம்பாலா காய மதிப்பெண் இதற்குச் சான்று. வயது, இரத்த அழுத்தம், மூச்சு, உணர்வுநிலை, கடுமையான காயங்களின் எண்ணிக்கை ஆகிய ஐந்தே செய்திகள் இதற்குப் போதும். உணர்வுநிலைக்கும் நான்கே படிகள்: விழிப்பு, குரலுக்கு விழித்தல், வலிக்கு விழித்தல், விழியாமை. ஸ்கேன் அறிக்கையோ விரிவான குறியீட்டு நூலோ தேவையில்லை.

அளவுகோலின் நோக்கத்தையும் மறத்தலாகாது. 2006 ஜூலை 11 போன்ற ஒரு மாலையில், யாரை முதலில் அறுவைக் கூடத்திற்குக் கொண்டுசெல்வது என்று முடிவு செய்ய, காயக் கடுமை மதிப்பெண் உதவாது. அது எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பின்னர் இடப்படுவது. வாயிலில் முடிவெடுக்க நாடி, மூச்சு, உணர்வு ஆகியவையே வழிகாட்டும். மருத்துவமனையின் ஓராண்டுப் பணியை மதிப்பிடும்போதுதான் விரிவான மதிப்பெண்ணின் பயன் தெரியும்.

இந்தியாவிலேயே சொந்தமான பதிவேடு ஒன்றை அமைக்கும் முயற்சி 2013இல் தொடங்கியது. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் விபத்துச் சிகிச்சை மையம், மும்பையின் கே.இ.எம்., சயான் மருத்துவமனைகள், கொல்கத்தாவின் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை ஆகிய நான்கும் இதில் பங்கேற்றன. இப்பதிவேட்டின் 11,202 நோயாளிகளைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வு, 30 நாள்களுக்குள் மருத்துவமனையிலேயே இறந்தோர் 21.4 விழுக்காடு என்று காட்டியது. 2004இல் வெளியான சயான் ஆய்விலும் இறப்பு 21 விழுக்காடு அளவே. அப்படியானால் இடைப்பட்ட ஆண்டுகளில் முன்னேற்றமே இல்லை என்று கூறலாமா? கூறலாகாது. நகரங்கள் வேறு, நோயாளிகள் வேறு, அவர்களுடைய காயங்களின் கடுமையும் வேறாக இருந்திருக்கலாம். கடுமையை நம்பத்தக்க முறையில் அளந்து ஒப்பிட்டாலன்றி, முன்னேற்றம் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல நமக்கு உரிமையில்லை.

செய்ய வேண்டுவன

விபத்துச் சிகிச்சைக்கு அரசுகள் செலவிடும் தொகை வளர்ந்து வருகிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. மத்திய அரசு 2025 மே மாதத்தில் அறிவித்த திட்டத்தின்படி, சாலை விபத்தில் சிக்கியவர் ஒருவருக்கு 7 நாள்கள் வரை ரூ.1.5 இலட்சம் அளவிற்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் வாய்ப்பு உண்டு. இச்செலவின் பயனை அறியச் செலவான தொகையும் பயனடைந்தோர் எண்ணிக்கையும் மட்டும் போதா. காப்பாற்றியிருக்கக் கூடிய உயிர்களுள் எத்தனை காப்பாற்றப்பட்டன என்பதும் தெரிய வேண்டும்.

அதற்குச் சில ஏற்பாடுகள் இன்றியமையாதவை. முதலாவதாக, விபத்துப் பிரிவில் நோயாளி வந்தவுடன் இரத்த அழுத்தம், மூச்சு, உணர்வுநிலை ஆகிய மூன்றையும் எழுதுவது எவ்வகையிலும் தவறாத கடமையாக வேண்டும். எழுதப்படாதவை எத்தனை என்பதும் ஆண்டறிக்கையில் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, மதிப்பெண் இடும் பணிக்கெனப் பயிற்சி பெற்ற ஊழியர் வேண்டும். இரவுப் பணியின் முடிவில் களைத்த இளம் மருத்துவரிடம் கூடுதல் வேலையாக இதை ஒப்படைத்தல் பயன் தராது. மூன்றாவதாக, பதிவுகளில் ஒரு பகுதியை மற்றொருவர் மீண்டும் மதிப்பிட்டு ஒற்றுமையைக் கணக்கிட வேண்டும். நான்காவதாக, ஸ்கேன் அறிக்கைகளில் காயத்தின் அளவைக் குறிப்பிடுவதும், பிரேதப் பரிசோதனை முடிவுகள் மருத்துவமனைக்குத் திரும்ப வருவதும் வழக்கமாக வேண்டும். ஐந்தாவதாக, பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் எண்கள் இந்திய நோயாளிகளின் பதிவுகளிலிருந்தே பெறப்பட வேண்டும். எதிர்பாராத இறப்பு ஒவ்வொன்றையும் மருத்துவர் குழு தனியே ஆராய வேண்டும். அந்த ஆய்வு தண்டிப்பதற்காக அன்றிக் கற்பதற்காக அமைய வேண்டும்.

நிருவாகிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் இங்குப் பொருந்தும். மதிப்பெண்ணை மருத்துவமனையின் நிதியுடன் நேராகப் பிணைத்தால், காயங்களை மிகைப்படுத்தி எழுதும் தூண்டுதல் தோன்றும். அப்போது மதிப்பெண் நோயாளியின் நிலையை அளப்பதை விட்டு, நிருவாகத்தின் தேவையை அளப்பதாக மாறிவிடும். பதிவேடு நேர்மையாக இருக்க வேண்டுமெனில், நேர்மையாக எழுதியவர் அதனால் நட்டம் அடையாதிருக்க வேண்டும்.

மாஹிமிலிருந்தோ தாராவியிலிருந்தோ சயானுக்குத் தூக்கிவரப்படும் தொழிலாளியின் பெயருக்கு எதிரே எழுதப்படும் மூன்று எண்களில்தான் இவ்வளவு பெரிய கணக்கும் தொடங்குகிறது. அந்த எண்கள் சரியாக இருந்தால், சயானில் கூடுதலாக இறந்த அந்தப் பத்துப் பேர் எதனால் இறந்தனர் என்று பிற்காலத்தார் அறிய முடியும். அதே காரணத்தால் மற்றவர் இறவாமல் தடுக்கவும் முடியும். அவை தவறாக இருந்தால், எவ்வளவு நுட்பமான கணக்கும் அதை ஈடு செய்யாது. விபத்துச் சிகிச்சைக்கு ஒதுக்கப்படும் நிதியில் ஒரு சிறு பங்கைப் பதிவேட்டுக்கும் ஒதுக்குவதே எஞ்சிய பங்கு முழுவதும் பயன்பட்டதா என்பதை அறிவதற்கு வழியாகும்.